பட்டத்து முயலும் சுவைகாரரும்

கேளுங்கள். குன்றுகளுக்கெல்லாம் மனிதர்கள் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், குளவூர் நாட்டை இளநாகன் என்ற அரசன் ஆண்டான். அவனுக்கு யானை என்றால் பயம். அதனால் பட்டத்து யானை நிற்க வேண்டிய இடத்தில் பட்டத்து முயல் இருந்தது. அதற்கு நெற்றிப்பட்டம் உண்டு, பாகன் உண்டு, முன்னே முரசும் உண்டு.

முயலுக்கு எதைக் கொடுத்தாலும் சுவைகாரர் சாத்தப்பன் முதலில் தின்று காட்ட வேண்டும். அது அரண்மனை வழக்கம். சாத்தப்பன் முதல் நாளே, "புல் நஞ்சு, அரசே" என்று சொல்லிவிட்டார். அதனால் முயலுக்குக் காலையில் பாயசம், நண்பகலில் பாயசம், மாலையில் பாயசம். சாத்தப்பன் பருத்தார். முயல் இளைத்தது.

முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்து அரைத்தால்தான் தேயும். பாயசத்தில் என்ன தேயும்? பல் உதட்டைத் தாண்டியது, மோவாயைத் தாண்டியது.

"தந்தம் முளைக்கிறது. நம் முயல் யானையாகிறது" என்றார்கள் அவையோர். அரசன் இரண்டடி தள்ளி உட்கார்ந்தான்.

ஒருநாள் முயல் பாயசத்தையும் நக்க முடியாமல் படுத்துவிட்டது. குதிரை லாயத்துக்குப் புல் கொண்டுவரும் ஆண்டிச்சி அதைப் பார்த்தாள்.

"மகாராசா, இது இன்றைக்குத் தின்னாவிட்டால் நாளைக்கு இருக்காது. தட்டானைக் கூப்பிட்டுப் பல்லைத் தேய்க்கச் சொல்லுங்கள். அப்புறம் புல்லைக் கொடுங்கள்."

"புல் நஞ்சாயிற்றே. சாத்தப்பன் சொன்னாரே."

"தின்று பார்த்தாரா?"

அரசன் தட்டானுக்கும் சாத்தப்பனுக்கும் ஆள் அனுப்பினான்.

தட்டான் வந்து, நகை தேய்க்கும் மெல்லிய அரத்தால் பல்லைப் பதமாகத் தேய்த்துக் குறைத்தான். ஆண்டிச்சி சாத்தப்பன் முன்னால் மூன்று கட்டுகளை வைத்தாள். ஒன்று அரளி, ஒன்று ஊமத்தை, ஒன்று அருகம்புல்.

"எல்லாம் நஞ்சுதானே ஐயா. எதில் தொடங்கினால் என்ன?"

"ஏதாவது ஒன்றைத் தின்றே ஆக வேண்டும்" என்றான் அரசன்.

சாத்தப்பன் அரளியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். ஊமத்தையைப் பார்த்து இருக்கையோடு பின்னால் நகர்ந்தார். அருகம்புல்லை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"ஐயாவுக்குத் தெரிந்துதான் இருக்கிறது" என்றாள் ஆண்டிச்சி.

"இத்தனை மாதமாகவா?" என்று கேட்டான் அரசன்.

"பாயசம் நன்றாக இருந்தது, அரசே" என்றார் சாத்தப்பன், வாய் நிறையப் புல்லோடு.

முயல் மெல்ல எழுந்து வந்து, அவர் கையில் இருந்த மீதியைப் பிடுங்கித் தின்றது.

அரசன் வழக்கத்தை மாற்றவில்லை. அன்றுமுதல் காலையில் அருகம்புல், நண்பகலில் மூங்கில் இலை, மாலையில் அருகம்புல். முதலில் சாத்தப்பன், பிறகு முயல். இருவர் பல்லும் கடைசிவரை ஒழுங்காக இருந்ததாம்.

நம் வாய்க்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இன்னோர் உயிரின் உணவை நஞ்சு என்று சொல்லக் கூடாது.