பந்திக்குள் வந்த அலை

அன்று நடுப்பகலில் மடத்துக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மடத்தை நடத்திவந்த செண்பகவல்லி அம்மையார், சமையல்காரர் ஆவுடையப்பன், தோட்டம் பார்க்கும் கணவனும் மனைவியும், கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்த ஐந்து பேர், அலைபேசிப் பொறியாளர் குற்றாலிங்கம், அவருடைய உதவியாளர் ஷெரின். ஆகப் பதினொரு பேர். பூனையைச் சேர்க்கவில்லை.

குற்றாலிங்கத்துக்கு அம்மையாரைவிடப் பதினான்கு வயது கூடுதல். ஆனாலும் அவர்தான் சீடர். மாதம் ஒருமுறை வருவார். ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போவார். இந்த முறை கேள்வியோடு ஒரு பெட்டியையும் கொண்டுவந்திருந்தார்.

டிபன் டப்பா அளவுதான் இருக்கும். இன்னும் பத்து வருடம் கழித்துக் கைபேசிகள் எந்த அலையில் பேசுமோ, அந்த அலையை அது அனுப்பும். மடத்துச் சுவரில் ஆணி அடிக்கிற வழக்கமில்லை. அதனால் இடுப்பு உயரத்தில் இருந்த விளக்கு மாடத்தில் பெட்டியை வைத்திருந்தார். எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு பலகை, அதன்மேல் கைபேசி.

மதியம் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு அந்தக் கைபேசியில் பேசும். ஆட்கள் கூடியிருக்கும் ஒரு கூடத்தில் பேச்சு அறுபடாமல் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த சோதனை. கேட்டால் வேலை தொடரும். கேட்காவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். குற்றாலிங்கத்தின் ஒன்பது வருட உழைப்பும் ஷெரினின் வேலையும் அதோடு போகும்.

"அம்மா, எதுவுமே தடுக்க முடியாத ஒரு அலை என்னைக்காவது கிடைக்குமா?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"இப்ப கையில இருக்கிறது எப்படி?"

"ஒரு கடுகு நீளம்தாம்மா. அலை சின்னதாக ஆக நிறையச் சுமக்கும். ஒரு நூலகத்தையே கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கொண்டுபோயிரும்."

"எதையும் தாண்டிப் போகுமா?"

"அதுதான் இல்ல. வாழை இலை குறுக்கே வந்தாலே திணறும்."

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றார் அம்மையார்.

குற்றாலிங்கத்துக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. முந்தின நாளே அளந்து பார்த்திருந்தார். பெட்டி அனுப்பியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அளந்தபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. காலியான இடத்தில் அளப்பதுதான் அவர்கள் தொழிலில் வழக்கம். ஆள் நடமாட்டம் இருந்தால் கணக்கு பிசகும் என்பார்கள்.

இலை போட்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். அப்போது கைபேசி ஒலித்தது. குற்றாலிங்கம் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"குற்...லிங்... கே...குதா?"

ஷெரின் மடிக்கணினியைப் பார்த்தாள். "சார், அளவு பாதாளத்துக்குப் போயிருச்சு. எல்லாரும் குறுக்கே உட்கார்ந்திருக்காங்க."

குற்றாலிங்கம் கல்லிடைக்குறிச்சிக்காரர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பா நினைக்கப்படாது. இலையோட கொஞ்சம் வராந்தாவுக்கு வந்தீங்கன்னா..."

"உங்க அலைக்கு எங்க தொப்பை ஆகாதோ?" என்றார் அவர்களில் பெரியவர். ஆனாலும் எழுந்தார். மற்ற நால்வரும் அவர் பின்னால் போனார்கள்.

தோட்டக்காரத் தம்பதியும் போனார்கள். ஆவுடையப்பன் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டார். "கூட்டு ஆறிப்போச்சுன்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது. சொல்லிட்டேன்."

அம்மையாரிடம் எப்படிச் சொல்வது என்று குற்றாலிங்கம் நின்றார். அவர் சொல்வதற்குள் அம்மையாரே இலையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தார்.

குரல் தேறியது. முழுதாகத் தேறவில்லை.

"நீங்களுந்தான் சார்" என்றாள் ஷெரின். "பலகைக்கு முன்னால உட்கார்ந்தா உங்க முதுகு மாடத்த மறைக்குது."

பலகையை நகர்த்த முடியாது. அளந்து குறித்த இடத்தை மாற்றினால் சோதனை செல்லாது. குற்றாலிங்கம் எழுந்து வாசலுக்குப் போனார். ஷெரினும் மடிக்கணினியோடு போனாள். அங்கே நின்று பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு.

காலிக் கூடத்தில் குழுத் தலைவியின் குரல் மணிபோலக் கேட்டது. "பிரமாதம்! பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு. அங்க குருவி கத்துறதுகூட எனக்குக் கேட்குது. பேசுங்க குற்றாலிங்கம்."

"இங்க நின்னே சத்தமா பேசிருங்க சார்" என்று ஷெரின் காதருகே சொன்னாள். "பத்து நிமிஷம்தானே. உள்ள எத்தனை பேருன்னு கேட்டா பதினொண்ணுன்னு சொல்லிருங்க. அவங்களுக்கு என்ன தெரியவா போகுது?"

"ஹலோ? இருக்கீங்களா?" என்றது குரல்.

குற்றாலிங்கம் அம்மையாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் இலையை ஏந்தியபடியே நின்றார். ஓரத்தில் சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் என்னம்மா செய்யட்டும்?"

அம்மையார் உள்ளே போனார். முன்பு இருந்த இடத்திலேயே இலையை விரித்து உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் முதலில் உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள். "என்ன விளையாட்டா இருக்கு உங்களுக்கு?" என்று முணங்கிக்கொண்டே ஆவுடையப்பன் சட்டியைத் திரும்பக் கொண்டுபோனார். ஷெரின் போய் ஓர் இலையின் முன் உட்கார்ந்தாள். கடைசியாகக் குற்றாலிங்கம் போனார். மாடத்துக்கு முதுகு காட்டிப் பலகையின் முன் அமர்ந்தார்.

"என்...ச்சு? நல்லாத்தானே இருந்...து? ஏதா...து குறுக்கே வந்...ருச்சா?"

குற்றாலிங்கம் அம்மையாரைப் பார்த்தார்.

அம்மையார் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாப்பிட வந்திருக்கோம்னு சொல்லுங்க" என்றார்.

குற்றாலிங்கம் ஷெரினின் முகத்தைப் பார்த்தார். அவள் மடிக்கணினியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எல்லாரும் சாப்பிட வந்திருக்கோம்" என்றார் அவர். பேச்சு அறுபட்டது. மறுபடியும் சொன்னார். பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்பதற்கு முன்னால், மிச்சமிருந்த அளவையும் சொன்னார்.

"நூத்துக்குப் பத்தொன்பது."