வெறுங்கைப் புரதம்

குழந்தைவேலுவுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி தமீமாவுக்கு முப்பத்தைந்து. குழந்தைவேலு 'மேடம்' என்பார், தமீமா 'சார்' என்பார். இவர்களில் யார் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட ஒரு வாரமாவது ஆகும்.

அன்று காலை, மூன்றாவது முறையாக குழந்தைவேலுவின் சோதனைக் குழாயில் கருப்புச் சேறு படிந்திருந்தது. ஆராய்ச்சியை விட்டு விலகுவதாக எழுதிய கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது. சாயங்காலம் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார்.

"என்ன போட்டீங்க சார்?"

"இரும்பும் கந்தகமும்தான் மேடம். என் புரதத்துக்குள்ள போய் உட்கார வேண்டியது அது ரெண்டும்தானே? குறைஞ்சிடக் கூடாதுன்னு தாராளமாவே போட்டேன்."

"ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு இரும்புத்தூளையும் கந்தகத்தையும் சூடாக்கிக் காட்டுவீங்களே, என்ன வரும்?"

"கருப்பா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். இருபது வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவருக்கு ரொம்பவே வெட்கமாகப் போயிற்று.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா இதை எப்படிச் செய்யுதுன்னு பார்ப்போம், வாங்க."

ஆக்சிஜன் புகாத கண்ணாடிப் பெட்டியின் கையுறைகளுக்குள் தமீமா கைவிட்டார். நிறமே இல்லாத ஒரு கரைசலை எடுத்தார். அதில் இருந்தது இன்னொரு புரதம். இரும்பையும் கந்தகத்தையும் தன்மேல் வைத்துக் கொத்தாகக் கட்டி மற்ற புரதங்களுக்குத் தருவதுதான் அதற்கு வேலை. இரும்பை அளந்து விட்டார். கந்தகத்தைக் கொட்டவில்லை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தரும் நொதியைச் சேர்த்தார். இருவரும் காத்திருந்தார்கள். கரைசல் மெல்ல டீ நிறத்துக்கு வந்தது.

அதனுடன் குழந்தைவேலுவின் புரதத்தைக் கலந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து, பெட்டிக்குள்ளேயே இரண்டையும் பிரித்துத் தனித்தனிக் குழாய்களில் பிடித்தார்கள். கொத்தை வாங்கிக்கொண்ட குழந்தைவேலுவின் புரதம் பழுப்பாக இறங்கியது. கட்டிக் கொடுத்த புரதம் தண்ணீராக வெளுத்து இறங்கியது.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று தமீமா எதிர்பார்த்தார். அவரோ வெளுத்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"என்கிட்ட படிச்ச பிள்ளைங்க டாக்டரா இருக்காங்க, விஞ்ஞானியா இருக்காங்க. எனக்குன்னு ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னுதான் மேடம் இங்க வந்தேன். இதைப் பார்த்தா என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு. அத்தனையும் கட்டிக் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்குதே?"

தமீமா மறுபடி கையுறைகளுக்குள் கைவிட்டார். வெளுத்த குழாயில் இரும்பு விட்டார், நொதி விட்டார். அரைமணி நேரம் காத்திருந்தார்கள்.

குழாய் மீண்டும் பழுப்பானது.

"கை நிறைஞ்சிருந்தா இதைக் கட்டியிருக்க முடியுமா சார்?"

குழந்தைவேலு குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தார்.

"இரும்பு எவ்வளவு விட்டீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

தமீமா சொன்னார். குழந்தைவேலுவுக்கு எழுதிக்கொள்ள வேறு தாள் அகப்படவில்லை. சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.