கொட்டகைக்கு மாட்டிய பலகை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. உடன் படித்த தோழி சொன்னது.

அரசு ஒதுக்கீட்டு இலவச இடத்தில் சேர்ந்த பிள்ளைகளை ஒரு தனியார் பள்ளி ‘டி’ பிரிவு என்று தகரக் கொட்டகையில் வைத்திருந்தது. பணம் கட்டும் பிள்ளைகளின் ‘ஏ’ பிரிவு அறையில் இருந்த பெஞ்சும் இல்லை, ஃபேனும் இல்லை. பள்ளி ஆயா அஞ்சலையின் மகளும் அங்கேதான் தரையில் உட்கார்ந்து படித்தாள்.

“நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றார். பைசா செலவில்லாம ‘டி’ பிரிவு ‘ஏ’ மாதிரி இருக்கணும். இல்லேன்னா மகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு” என்று அஞ்சலையிடம் சொன்னார் தாளாளர்.

“சரிங்கய்யா.”

மறுநாள் ‘டி’ பலகை தொங்கிய அறையைப் பார்த்து அதிகாரி பாராட்டினார். ‘ஏ’ பலகை தொங்கிய கொட்டகையில் முகம் சுளித்தார். “பணம் கட்டுற பிள்ளைங்களை இப்படியா வைப்பீங்க?”

“ஐயோ சார், இது ‘டி’ பசங்க” என்று தாளாளரே உளறிவிட்டார்.

“பலகையைத்தான் மாத்தினேங்கய்யா. பைசா செலவில்லை” என்றாள் அஞ்சலை.

பிறகு நானே போய்ப் பார்த்தேன். அஞ்சலையின் மகள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அதே கொட்டகையில். ‘டி’ பலகையைக் கழற்ற முடியாதபடி ஆணி அடித்திருந்தார்கள்.