பாத்துக்கோங்க சார்

கதை முடியும் இடத்தில் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்கப்படும். ஆகையால் யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சற்றுக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோர மாவட்டம் ஒன்றில் ஓர் அறக்கட்டளை பதினொரு பள்ளிகளை நடத்திவந்தது. அவற்றின் காப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் சுகுணவதியுடையது. எந்தச் சுவரில் விரிசல், எந்த வேனுக்குத் தகுதிச் சான்று முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். விபத்து நடக்காத நாள்களில் அவளை யாரும் நினைப்பதில்லை.

வடகழிப்பேட்டைப் பள்ளியின் கிழக்குப் பக்க ஓட்டுக் கட்டடத்தில் உத்திரங்களைக் கறையான் அரித்திருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து பார்த்து, அதைப் பூட்டச் சொன்னார். அறக்கட்டளை அலுவலகம் ஒப்புதல் தந்து அது திறக்கப்பட்டால் பள்ளி முழுவதற்குமே காப்பீடு செல்லாது என்றும் எழுதிவைத்தார். ஒப்புதல் தரும் அதிகாரம் சுகுணவதிக்கு மட்டுமே இருந்தது. அவளே நேரில் போய்ப் பூட்டுப் போட்டு, சாவியைத் தலைமையாசிரியர் அமிர்தகடேசனிடம் கொடுத்தாள்.

"என்னைக் கேக்காம தொறக்காதீங்க சார்."

அவர் தலையாட்டினார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

கார்த்திகையில் புயல் வந்தது. காலையிலேயே மீனவக் குடும்பங்கள் பள்ளிக்கு வரத் தொடங்கின. நண்பகலுக்குள் மாடிக் கட்டடம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆள்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்கு இன்னும் நாற்பது பேர் வந்து நின்றார்கள். அதுவரை கரையோர மீன் ஏலக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தவர்கள்; அங்கே கடல் புகுந்துவிட்டது. அமிர்தகடேசன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுகுணவதிக்குப் போன் செய்தார்.

"மேடம், நாப்பது பேரு வாசல்ல நனையறாங்க. உள்ள எடமில்ல. கெழக்குக் கட்டடத்தத் தொறக்கவா?"

திறக்கச் சொல்லி ஓடு விழுந்தால் அந்தச் சாவு அவள் கணக்கில் சேரும். வேண்டாம் என்று சொல்லி, காற்றில் பறக்கும் தகரம் யார் கழுத்திலாவது பாய்ந்தால் அதுவும் அவள் கணக்கில்தான்.

"வேற எடமே இல்லையா சார்?"

"இருந்தா ஒங்களைக் கேப்பனா?"

போனுக்குள் ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

"பாத்துக்கோங்க சார்" என்றாள். அத்துடன் இணைப்பு அறுந்தது.

அமிர்தகடேசன் பூட்டைத் திறந்தார். நாற்பது பேரும் உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கூரையின் ஒரு மூலை சரிந்தது. அடியில் சிக்கிய அஞ்சம்மாள் என்ற மீன்காரிக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. மற்றவர்களுக்குக் கீறல்கூட இல்லை. ஏலக் கொட்டகை நின்ற இடத்தில் மறுநாள் ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. மாடிக் கட்டடத்திலும் ஜன்னல்கள் பெயர்ந்து, கணினிகளும் ஆய்வகமும் பாழாகியிருந்தன.

பத்தாம் நாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கட்டடத்தைத் திறக்க அலுவலகம் ஒப்புதல் தந்ததா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். 'இல்லை' என்றால் அது ஓர் ஊழியர் தன்னிச்சையாகச் செய்த விதிமீறல்: அஞ்சம்மாளின் சிகிச்சைக்கும் பள்ளியைச் சீராக்கவும் பணம் வரும், அமிர்தகடேசனுக்கு வேலை போகும். ஓய்வு பெற அவருக்குப் பதினான்கு மாதமே பாக்கி. 'ஆம்' என்றால் அவர் தப்பிப்பார். ஆனால் ஒரு காசு வராது. இருநூற்று அறுபது பிள்ளைகளின் பள்ளி மூடிக் கிடக்கும்.

அறக்கட்டளைச் செயலாளர் பக்கிரிசாமி அவளைக் கூப்பிட்டார். "இல்லன்னு போட்டுரும்மா. தொறங்கன்னு நீ சொல்லவே இல்லையே. இதுல பொய் எங்க இருக்கு?"

அன்று மாலையே அமிர்தகடேசன் வந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"நீங்க சொன்னப்புறம்தான் தொறந்தேன் மேடம். ஆனாலும் இல்லன்னே எழுதுங்க. அந்தம்மாவுக்கு ஆபரேஷன் ஆகணும்."

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா தொறந்திருப்பீங்களா சார்?"

"தெரியலையே மேடம்."

மறுநாள் காலை சுகுணவதி மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தாள். அஞ்சம்மாள் யார்மீதும் குறை சொல்லவில்லை. "எப்ப எந்திரிச்சு உக்காருவேன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அலுவலகத்துக்கு வந்த சுகுணவதி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பேனாவின் மூடியைத் திறந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அவள் போனில் சொன்னது ஒப்புதலா, இல்லையா? எந்தக் கட்டத்தில் குறியிடுவது சரி?

விடை: அது ஒப்புதல்தான். தடுக்கக்கூடியவள் அவள் ஒருத்தியே. கேட்ட நேரத்தில் அவள் தடுக்கவில்லை. பழி தன்மேல் விழக்கூடாது என்றே அப்படியொரு வார்த்தையைத் தேடிப் பிடித்தாள் என்பது அவள் மனத்துக்குத் தெரியும். 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, நடந்ததை நடந்தபடி கீழே எழுதினாள். அமிர்தகடேசனின் வேலை தப்பியது, வேறொரு பள்ளியில். வடகழிப்பேட்டைப் பிள்ளைகள் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்குப் போனார்கள். பெரிய பெண்களில் பலர் போகவில்லை. அறுவை சிகிச்சை தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அஞ்சம்மாளுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஒருநாள் அவள் சுகுணவதியிடம் வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஏம்மா, இல்லன்னே எழுதியிருந்தா யாருக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்?" சுகுணவதி சரியான விடையைத்தான் எழுதியிருந்தாள்.