கிளியின் வாலுக்கு ஒரு பச்சை

முன்னொரு காலத்தில் நாவலங்குடி என்ற நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவருக்கு ஒரே மகள் செண்பகவல்லி. பக்கத்து நாட்டு இளவரசனுக்குப் பேசி முடித்தாயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. முகூர்த்தநாள் மட்டும் குறிக்கவில்லை. காரணம், ஒரு கிளியின் வால்.

செண்பகவல்லி குழந்தையாக இருந்தபோதே அவள் கல்யாணத்துக்கென்று மகாராணி ஒரு பட்டு மேலாடையில் பூத்தையல் போட ஆரம்பித்தாள். கொடி, பூ, நடுவில் ஒரு கிளி. கிளியின் உடம்பை முடித்து, வாலைத் தொடங்கும் முன் மகராசி கண்ணை மூடிவிட்டாள். முருங்கைக்கீரையை ஒருநாள் வாடவிட்டால் வருமே, அந்த மங்கல் பச்சை நூல். அவளே அவுரியில் முக்கி, மாதுளைத்தோல் சாற்றில் முக்கித் தோய்த்தது. பக்குவம் யாருக்கும் தெரியாது.

“இதே பச்சையில் வாலை முடித்துப் போர்த்தித்தான் மகளை அனுப்புவேன்” என்று சொல்லிவிட்டார் ராஜா. அதோடு விட்டாரா? நிறம் தப்பான நூலைக் கொண்டுவருகிறவன் மீசைக்கு அதே சாயத்தைப் பூசி அனுப்பவேண்டும் என்றும் உத்தரவு போட்டார். சாயக்காரர் தெருவே பச்சை மீசையோடு திரிந்தது. ஒருவர் மரத்தடியில் கண்ணயர்ந்தபோது ஆடு வந்து மீசையை மேய்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரண்மனை ஜவுளிக்கு அதிகாரி நாகலிங்கம். மந்திரி ஆதிமூலத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் சபையில் எழுந்தார்.

“மகாராஜா, இத்தனை பெரிய மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடுகிறோமே? மந்திரியாரே கொண்டுவரட்டும். அவர் மீசை வெள்ளை. சாயம் நன்றாகப் பிடிக்கும்.”

சபை சிரித்தது. ஆதிமூலமும் சிரித்தார். “கொண்டுவருகிறேன். ஒரு சந்தேகம். சரியான நூலைத் தப்பு என்று சொல்கிறவருக்கும் மீசைச் சாயம் உண்டா?”

“உண்டு, உண்டு” என்றார் ராஜா, அன்றைக்கு நல்ல புத்தியில் இருந்ததால்.

மந்திரி நேரே இளவரசியிடம் போனார். அவள் மேலாடையை மடியில் விரித்துக் காட்டினாள்.

“ஏனம்மா, வந்த நூலில் ஒன்றுகூடவா பொருந்தவில்லை?”

“இரண்டு மூன்று அநேகமாகப் பொருந்தியது. அப்பா பார்க்கும்போது மட்டும் எதுவும் பொருந்துவதில்லை.”

“நீ சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால், போக அவசரப்படுகிறாள் என்று நினைப்பார். அம்மா போனதிலிருந்து நான் பக்கத்தில் உட்காராமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. அவரும் பாவம். அங்கே காத்திருப்பவரும் பாவம்.” தன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மந்திரி துணியைப் புரட்டினார். அடிப்பக்கத்தில் ஓர் ஊசி குத்தியபடியே நின்றது. அவர் ஏதோ கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

மறுநாள் சபையில் மந்திரி ஒரு வெள்ளித்தட்டை நீட்டினார். அதில் ஒரு சாண் நூல்.

ராஜா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இல்லை ஆதிமூலம். இதில் சாம்பல் அடிக்கிறது. அவள் நூலில் ஒரு குளிர்ச்சி இருக்கும்.”

நாகலிங்கம் சும்மா இருப்பாரா? “குளிர்ச்சியா? இது எருமை குளித்த குட்டை மகாராஜா. தோய்த்த கைக்குச் சாயம் என்றால் என்னவென்றே தெரியாது. இதைக் கிளிக்கு வைத்தால் கிளியே கோபித்துக்கொண்டு பறந்துவிடும்.”

“முடித்துவிட்டீரா?” என்று கேட்டார் மந்திரி. “இன்னும் இருந்தால் சொல்லும்.”

“நாற்றம்கூட அடிக்கிறது” என்றார் நாகலிங்கம்.

அப்போது செண்பகவல்லி மேலாடையோடு வந்தாள். தந்தையின் காலடியில் உட்கார்ந்து, துணியைப் புரட்டி, ஊசி நின்ற இடத்தைக் காட்டினாள்.

“அப்பா, அம்மா ஊசியில் விட்டுப்போன நூல்தான் அது. நேற்று நான் வெட்டிக் கொடுத்தேன்.”

நாகலிங்கத்தின் கை தானாகப் போய் மீசையை மூடியது. ராஜா கையிலிருந்த நூலைக் கிளியின் மேல் வைத்தார். வைத்த இடம் தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

“என் கண் கெட்டுப்போயிற்றா, ஆதிமூலம்?”

“இல்லை மகாராஜா. பெண்ணைப் பெற்றவர் எல்லாருக்கும் இந்தச் சமயத்தில் எந்தப் பச்சையும் பொருந்தாது. என் மகளை அனுப்பும்போது மாட்டுவண்டியில் குறை கண்டுபிடித்தேன். சக்கரம் வட்டமாக இல்லை என்றேன்.”

ராஜா சிரிக்கப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. மகளின் தலையில் கை வைத்துக்கொண்டே சாயக்காரரைக் கூப்பிட்டார். “முதலில் நாகலிங்கத்துக்கு, என் ராணி கையைப் பழித்ததற்கு. அடுத்து எனக்கு. ஊரார் மீசையையெல்லாம் பச்சையாக்கினேனே, அதற்கு.” சாயக்காரர்களுக்குப் பட்டுவேட்டி கொடுத்து மன்னிப்பும் கேட்டார். மந்திரிக்கு என்ன வேண்டும் என்றார்.

“ஒரு முகூர்த்தநாள்” என்றார் ஆதிமூலம்.

அன்றே ஜோசியர் வந்தார். சாயக்காரர்கள் கொடுத்ததில் ஒரு நூலை ராஜாவே எடுத்து மகளிடம் நீட்டினார்.

“இது கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறதே அப்பா. வால் தனியாகத் தெரியும்.”

“தெரியட்டும் அம்மா. உடம்பு அவள் தைத்தது, வால் நீ தைப்பது. நீ தை. நான் துணியைப் பிடித்துக்கொள்கிறேன்.”

கல்யாணத்தன்று மேலாடையைப் பார்த்த பெண்கள், வால் மட்டும் வேறு பச்சையாக இருக்கிறதே என்று கிசுகிசுத்தார்கள். அது ராஜா காதில் விழுந்தது. மணமகள் பல்லக்கு எல்லையைத் தாண்டும்வரை கூடவே நடந்து, வழியில் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், “அந்த வால் என் பெண் போட்டது” என்று சொல்லிக்கொண்டே போனாராம் நாவலங்குடி ராஜா.