உச்சிமணிக் கல்

இந்தக் கதையைக் கேட்டால் தெக்ளா முதலில் கையைப் பிசைவாள். "நான் முன்ன பின்ன மாத்திச் சொல்லிப்புடுவேன், வேற யாரையாவது கேளுங்க" என்பாள். அப்படித் தயங்கித் தயங்கி அவள் சொன்னதைக் கோர்த்தால் இவ்வளவுதான்.

கடற்கரையோரம் ஒரு சின்னச் செபமடம். நடத்தியவர் பெயர் பவுலின்; எல்லாருக்கும் அவர் அம்மா. தெக்ளாவைவிடப் பத்து வயது இளையவர். புருஷன் செத்தபின் போக்கிடம் இல்லாமல் வந்த தெக்ளா, அவரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தாள். உச்சிமணி அடிக்கும் வேலை கிடைத்தது.

மடத்தில் கடிகாரம் கிடையாது.

"நாளையும் காலத்தையும் காட்ட ஆண்டவர் வானத்துல விளக்கு ஏத்தி வச்சிருக்கார். அதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?" என்பார் அம்மா.

முற்றத்துக் கொடிமரத்துக்கு வடக்கே ஒரு வெள்ளைக் கல். கொடிமர நிழல் கல்லைத் தொட்டால் உச்சி. தொட்டதும் கயிற்றை இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலைக்கே தெக்ளாவுக்கு வெயில் ஏறும்போதே இருப்புக் கொள்ளாது. உட்காருவாள், எழுவாள், நிழலைப் பார்ப்பாள், கயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள்.

தவக்காலம் பிறந்தது. குப்பத்துப் பெண்கள் உச்சிவரை பட்டினியாக ஒருசந்தி இருந்து, மணி அடித்ததும் மடத்தில் கஞ்சி வாங்குவார்கள்.

"யக்கா, உன் சூரியன் இன்னும் எந்திரிக்கலையா?" வரிசையில் நின்ற ரொசாரி போனை நீட்டினாள். "பன்னெண்டு அடிச்சு அரை மணி ஆச்சு!"

"சூரியனுக்கும் ஒருசந்தி போல. நடக்கத் தெம்பில்ல" என்றாள் இன்னொருத்தி.

வரிசையே சிரித்தது. தெக்ளா சிரிக்கவில்லை. இவர்கள் அம்மாவிடம் போய்ச் சொன்னால்? கயிறு கைமாறினால்? அப்புறம் எந்த முகத்தோடு இந்த மடத்தில் சோறு தின்பது?

மறுநாள் யாரும் வருமுன் கல்லை இரண்டு முழம் மேற்கே தள்ளி வைத்தாள். அன்று போனும் நிழலும் ஒத்துப்போயின. யாரும் சிரிக்கவில்லை.

பயம் மட்டும் அடங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு விரல்கடை பிசகுவது போலிருந்தது. நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள். செபத்தில் கண்ணை மூடினால் கல்தான் வந்து நின்றது.

மூன்றாம் வாரம் ஒருநாள் காலை பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அம்மா, கடிகாரம் சொல்றது சரியா, நிழல் சொல்றது சரியா?"

"கடிகாரம் ரயிலுக்கு, அக்கா. நாடு முழுக்க ஒரே நேரம் வேணும்ல."

"நிழல்?"

"நிழல் இந்த முற்றத்துக்கு. இங்க உச்சி கொஞ்சம் பிந்தித்தான் வரும்."

சொல்லிவிட்டு அம்மா போய்க் கல்லைத் தூக்கி வந்தார். தெக்ளாவின் மடியில் வைத்தார்.

"இன்னைக்கு இதை வச்சுக்கிட்டு உட்காருங்க. எப்ப அடிக்கணும்னு நான் சொல்றேன்."

வரிசை சேர்ந்தது. "பசிக்குது யக்கா!" என்று ரொசாரி குரல் கொடுத்தாள். மடியில் கல் கனத்தது. நேற்றுவரை கல் இருந்த இடத்தை நிழல் தொட்டது, தாண்டியது, மெல்லக் கிழக்கே போனது. அங்கே புல் முளைக்காத ஒரு வட்டம் கிடந்தது. கல் வருஷக்கணக்காய்க் கிடந்த இடம்.

"நான்தான் நகர்த்தினேன், அம்மா."

"தெரியும். அந்த வட்டத்துல புல்லு இல்லையே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன்."

நிழல் வட்டத்துக்குள் வந்தது.

"இப்ப அடிங்க."

தெக்ளா அடித்தாள். பெண்கள் கஞ்சி குடித்துப் போனார்கள். அம்மா அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். தெக்ளா கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"கயிற்றை வேற ஆளுக்குக் குடுத்துடுவீங்களா?"

அம்மா தலை நிமிரவில்லை.

"கயிற்றை நான் உங்க கைக்கு எட்டுற உயரத்துல கட்டினேன். சூரியனை ஆண்டவர் எட்டாத உயரத்துல வச்சார். நீங்கதான் ரெண்டையும் சேத்துப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தீங்க. நாளைக்குக் கயிற்றை மட்டும் இழுங்க, அக்கா."



அன்று சாயங்காலம் தெக்ளா கல்லைப் பழைய வட்டத்தில் வைத்தாள். ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்துச் சுற்றிலும் அழுத்திப் பூசினாள், தன் கைக்குப் பயந்து.