நிறைவு ஏன் பிந்தி வருகிறாள்

எறும்பு வழி சொல்ல மனிதர் கேட்டு நடந்த அந்தக் காலத்தில், எல்லார் வயிற்றிலும் அக்காள் தங்கை இருவர் குடியிருந்தார்கள். அக்காள் பசி, தங்கை நிறைவு. ஒரே வாசல், ஒரே பாய். அக்காள் சோறு கேட்டு வாய் திறந்தால், இரண்டாம் கவளத்திலேயே "போதும்க்கா" என்று தங்கை அவள் வாயைப் பொத்திவிடுவாள். அதனால் உலகத்தில் தொந்தி என்பதே கிடையாது.

பிறகு மழை பொய்த்தது. மலையடியில் வெள்ளச்சி என்றொருத்தி கைக்குழந்தையோடு தவித்தாள். எப்போதாவதுதான் கிழங்கு கிடைக்கும். கிடைத்த அன்று வயிறு முட்டத் தின்றால்தான் கிடைக்காத நாள்களைத் தாண்ட முடியும். இவளோ இரண்டே கவளத்தில் கை கழுவிவிடுவாள். மீதியை எறும்பு கொண்டுபோகும். பால் வற்றியது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

வெள்ளச்சி தன் வயிற்றைத் தடவினாள். "நிறைவு, என் கண்ணு, கொஞ்சம் தள்ளி இருடி. எம் புள்ள பொழச்சிக்கட்டும்."

நிறைவு எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். "போறேன்க்கா."

பசி பதறி அவள் கையைப் பிடித்தாள். "போறேன்னு சொல்லாதடி. போயிட்டு வரேன்னு சொல்லு."

"போயிட்டு வரேன்க்கா. சோறு என் வாசலுக்கு வந்ததும் வந்துடறேன்."

வளைந்து வளைந்து போகும் குடலின் இருட்டில், ஆற்றோடு போகும் பூவைப்போல அவள் போனாள். கடைக்கோடியில் குடியமர்ந்தாள். அன்று வெள்ளச்சி ஆசை தீரத் தின்றாள். பால் சுரந்தது. குழந்தை குடித்துவிட்டுச் சிரித்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வயிற்றுத் தங்கையை அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

பஞ்சம் போனது. ஆனால் தின்ற ருசியில், தங்கையைத் திரும்ப அழைக்க ஒருவருக்கும் நினைவில்லை. பாவம், அவள் சொன்ன சொல்லை மட்டும் காப்பாற்றுகிறாள். சோறு கதவைத் தட்டியதும் இரத்தத்தில் ஏறி ஓடி வருகிறாள்.

அன்று முதல்தான் பந்தியில் பசி முதல் ஆளாய் உட்காருகிறாள். நிறைவு பாயசமும் முடிந்தபிறகு மூச்சிரைக்க வந்து நிற்கிறாள்.

இந்நாளில் மருத்துவர்கள், உடம்பு பெருத்து அவதிப்படுகிறவர்களின் வயிற்றைச் சிறிதாக்கி, குடலில் குறுக்குவழி வைத்துத் தைக்கிறார்கள். சோறு சீக்கிரமே தங்கையின் கதவைத் தட்டிவிடுகிறது. பசியின் குரலும் தணிகிறது. தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே அவர்கள் கை தானாக நின்றுவிடும். அப்போது உள்ளே அக்காள் கேட்கிறாள்:

"வந்துட்டியாடி?"